முதலில் யாருக்கு முகக்கவசம்?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பொதுமக்களுக்காக நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொற்றுத் தடுப்பு செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை.)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், டூட்டி முடித்து நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

2020 மே மாதம் நம் மாவட்டத்துக்கு மறந்திருக்காது. கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பினார்கள். கடலூரில் கொரோனா தொற்று மளமளவென்று ஏறியது. அவர்கள்மேல் குறை சொல்ல நான் வரவில்லை. பிழைக்கப் போன பிள்ளை வீட்டுக்குத்தானே வரும். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் வேலைக்கு நின்றவர்களைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

அவர்களுக்காகக் கை தட்டினோம், விளக்கேற்றினோம், தெய்வம் என்றோம். அதே 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்துபோன ஒரு டாக்டரை அடக்கம் செய்யப் போன ஆம்புலன்ஸ்மேல் கல்லும் விழுந்தது. சில நாட்களில், 1897ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்து ஆண்டு வரை, கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் அதற்குக் கையுறை வாங்கித் தர வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறோமோ என்பதுதான் என் கவலை. 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகம் முழுக்க 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவில் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதில் பல உயிர்கள் ஏற்பாடு இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் எந்த இடம் ரொம்ப ஆபத்து என்று கேட்டால், எல்லோரும் ஐ.சி.யூ. என்பீர்கள். அங்கே நோயின் பெயர் தெரியும். உடம்பு முழுக்க உடை போட்டுத்தான் உள்ளே போவார்கள். பெயர் தெரியாத இடத்தில்தான் ஆள் மாட்டுகிறார். 2003இல் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று நோய் வந்தது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 8,100 பேருக்கு வந்ததில் 1,700 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள், ஐந்தில் ஒருவர். வியட்நாமில் அந்த நோயைக் கண்டு உலகத்தை எச்சரித்த டாக்டர் கார்லோ அர்பானியும் அதிலேயே போனார். 2018இல் கோழிக்கோடு பக்கம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் காய்ச்சலோடு வந்த ஒருவரைக் கவனித்தார் செவிலியர் லினி. அது நிபா என்ற உயிர்க்கொல்லி வைரஸ் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது லினிக்குப் பிழைக்க நேரம் இல்லை. அந்த முறை நிபா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரிக்குள்ளேதான் தொற்றியது.

ஆகவே பாதுகாப்பு ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் தொடங்க வேண்டும். இருமலும் காய்ச்சலுமாக வருகிறவருக்கு அங்கேயே ஒரு முகக்கவசம், உட்காரத் தனி பெஞ்சு. சீட்டு எழுதும் தம்பிக்கும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கும் முதல் நாளிலிருந்தே கவசம். என் அனுபவத்தில் தட்டுப்பாடு வந்தால் பங்கீடு பதவியைப் பார்த்துத்தான் நடக்கும்: பெரியவர்களுக்கு நுண்துகளையும் வடிகட்டும் என்95 மாஸ்க், வார்டு பெருக்கும் அக்காவுக்குத் துணி மாஸ்க். யார் நோயாளிக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்த்துக் கொடுத்தால் வரிசையே மாறிவிடும்.

என்95 என்பது முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால்தான் என்95. ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகவே போய் வரும். சின்ன முகம் உள்ள பெண்களுக்குப் பெரிய சைஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது கணக்குக்கு ஆகும், காவலுக்கு ஆகாது. தாடி இருந்தாலும் ஒட்டாது. போட்டதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். கன்னத்தில் காற்று பட்டால் சரியில்லை.

போடுவதைவிடக் கழற்றுவதில்தான் கவனம் வேண்டும். கத்திரி வெயிலில் அந்த உடைக்குள் ஆறு மணி நேரம் நின்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வருகிறவருக்கு எல்லாவற்றையும் பிய்த்தெறியத் தோன்றும். அந்த அவசரத்தில் அழுக்குக் கை முகத்துக்குப் போகும். முதலில் கையுறை, பிறகு மேலங்கி. முகக்கவசம் கடைசியில், அறைக்கு வெளியே வந்தபின், முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கை சுத்தம். எதிரே ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். டூட்டி நேரத்தைக் குறைப்பதும் பாதுகாப்புதான் என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து உணர வேண்டும்.

காற்றை மறந்துவிடுகிறோம். காற்றில் பரவும் நோய்க்கான தனி அறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்பது கணக்கு. பழைய வார்டுகளில் உயரமான கூரையும் எதிரெதிர் ஜன்னலும் இருக்கும். நமக்கோ பிற்பகலில் கடற்காற்று இருக்கிறது. ஜன்னலைப் பலகை அடித்து மூடி ஏ.சி. வைப்பதற்கு முன் யோசியுங்கள். காற்று ஊழியரைத் தாண்டி நோயாளிக்குப் போய், அங்கிருந்து வெளியேற வேண்டும். ஊழியர்கள் சாப்பிடும் அறைக்கும் இதே கவனம் வேண்டும். வார்டில் பத்திரமாக இருந்துவிட்டு, ஜன்னல் இல்லாத அறையில் கவசத்தைக் கழற்றி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டபோது தொற்று வாங்கியவர்கள் உண்டு.

இனி துப்புரவுப் பணியாளர்கள். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைக் கட்டித் தூக்குவது அவர்கள். அவசரத்தில் யாரோ அதற்குள் போட்ட ஊசி குத்துவது அவர்கள் கையில். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் மஞ்சள்காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. அது மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கொள்ளைநோய் வந்த பிறகு ஆறு மாதத்துக்கு எங்கே போவது? புயல் கூண்டு ஏற்றிய பிறகு கூரைக்குக் கயிறு திரிக்கிற வழக்கம் நம் கடற்கரைக் குப்பங்களில் கிடையாது.

இன்னொன்று, சம்பளம். ஒப்பந்தத்தில் இருக்கிற அம்மா காய்ச்சல் என்று வீட்டில் படுத்தால் அன்றைய கூலி போகும். அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார். உடம்பு முடியாதவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்காத ஆஸ்பத்திரியில் எத்தனை லிட்டர் சானிடைசர் ஊற்றினாலும் நோய் நிற்காது.

பொதுமக்களாகிய நீங்கள் ஒரு நோயாளிக்கு ஒருவர் மட்டும் துணைக்கு இருங்கள். எங்கே போய்வந்தீர்கள், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று சீட்டு போடும்போதே மறைக்காமல் சொல்லுங்கள். நர்ஸ் பெண்ணை வீட்டைக் காலி பண்ணச் சொல்லாதீர்கள். இங்கே கவுன்சிலர்களும் நோயாளர் நலச் சங்கத்தில் இருப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களில் யார் யாருக்கு மஞ்சள்காமாலை பி மூன்றாம் தவணை ஊசி போட்டாகிவிட்டது, யாருக்குப் பாக்கி என்று. பாக்கி இருப்பவர்களுக்கு அந்த வாரமே போடச் சொல்லுங்கள்.

வணக்கம்.