எருமை இறைச்சிப் பெட்டியில் ஏன் எலும்பு இல்லை?

(காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், காலை ஏழு மணி. லோரியிலிருந்து அட்டைப் பெட்டிகள் இறங்குகின்றன.)

வணக்கம். இது இந்தியாவிலிருந்து வந்த உறைந்த எருமை இறைச்சி. மத்தியானத்துக்குள் எதிர்ச்சாரி மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) குழம்பாகிவிடும். நம்மில் பலர் வீட்டில் இதைச் சமைப்பதில்லை. இருந்தாலும் இது ஊர் வந்து சேர்ந்த கதை கேட்கத் தகுந்தது.

(காட்சி: பெட்டியின் லேபிள், கிட்டத்தில்.)

'எலும்பில்லாதது' என்று போட்டிருக்கிறது. இந்தியா எருமை இறைச்சியை எலும்பு நீக்கித்தான் ஏற்றுமதி செய்ய விடுகிறது. சமைக்கிறவருக்கு வசதி என்று நினைத்துவிடாதீர்கள். காரணம், கோமாரி.

தோட்ட லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தவர்களுக்கு கோமாரி தெரியும். வாயில் கொப்புளம், குளம்பில் புண், வற்றிப்போகும் பால். இறைச்சியைச் சாப்பிடுகிற மனிதருக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் கிருமி எல்லை தாண்டினால் பட்டி பட்டியாகப் பரவும்.

உறைய வைத்தால் செத்துவிடாதா? சாகாது, குளிரில் பத்திரமாக இருக்கும். அதற்கு ஆகாதது புளிப்பு. அறுத்த பிறகு தசையில் மிச்சமிருக்கும் சர்க்கரைச் சத்து மெல்ல லாக்டிக் அமிலமாக மாறும். அதற்காக இறைச்சியை 2 டிகிரிக்கு மேற்பட்ட குளிரில் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிடுகிறார்கள். அப்புறம் முதுகுத் தசையின் நடுவில் மீட்டரைக் குத்திப் பார்ப்பார்கள். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்; எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும். எலும்பு மஜ்ஜையும் நிணநீர்க் கணுக்களும் அப்படிப் புளிப்பதில்லை, கிருமி அங்கே ஒளிந்துகொள்ளும். அதனால் இரண்டுமே வெளியே.

அறுப்பதற்கு முன் மாட்டுக்கு ஓய்வு கொடுப்பது இரக்கத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் களைத்து மிரண்ட எருமையின் தசையில் சர்க்கரை தீர்ந்திருக்கும். பிஎச் இறங்காது, இறைச்சியும் கறுத்துப்போகும். ஓய்வும் கணக்கில் சேர்த்திதான்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். இறைச்சி ஆலை இந்தியாவில் அபெடா என்ற உணவு ஏற்றுமதி ஆணையத்திடம் பதிவாகியிருக்க வேண்டும். அது மட்டும் போதாது, நம் மலேசியக் கால்நடை சேவைத் துறையும், ஹலாலைக் கவனிக்கும் இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிமும் அந்த ஆலையை ஏற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு சரக்கோடும் அரசு கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்றிதழும் ஹலால் சான்றிதழும் வர வேண்டும். இங்கே இறக்குமதி செய்பவர் முன்கூட்டியே பெர்மிட் எடுத்திருக்க வேண்டும்.

(காட்சி: லேபிளில் ஆலை எண்ணைச் சுற்றி வட்டம்.)

இந்தச் சின்ன எண்ணைப் பாருங்கள். சான்றிதழிலும் இதே எண் இருக்க வேண்டும். துறைமுகத்தில் அதிகாரிகள் பார்க்கும்போது ஓர் இலக்கம் மாறியிருந்தால் போச்சு. இறைச்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொள்கலன் மைனஸ் 18 டிகிரியில் மின்சாரம் தின்றுகொண்டு நிற்கும், செலவு இறக்குமதியாளர் தலையில்.

(காட்சி: கடைக்கார அண்ணன் பெட்டியின் அடியைத் தடவுகிறார்.)

"என்னண்ணே பாக்குறீங்க?"

"அட்டை காஞ்சிருக்கான்னு பாக்குறேன் தம்பி. நடுவுல உருகி மறுபடி உறைஞ்ச பெட்டின்னா அடியில செவப்பா கறை இருக்கும். இது சரியா இருக்கு. எறக்குங்கப்பா!"