எழுந்து வந்த பிணங்களும் விடுபட்ட ஒரு வரியும்

தலைவர் அவர்களே, அரங்கை வாடகையில்லாமல் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, வேறு இரண்டு விழாக்களை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பழைய பாட்டுப் புத்தகங்களைப் பிள்ளை மாதிரி காத்துவரும் பெரியவர் அவர்களே, திரைப்படக் கழகத்து நண்பர்களே, வணக்கம். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வரவேற்புரை அரை மணி நேரம் ஓடியபோது இதைக் காட்டியிருக்கலாம். சரி.

பழைய ஹாலிவுட் படங்கள் மூன்று வழியில் பொதுச்சொத்தாகின்றன, அதாவது பதிப்புரிமை போய், யார் வேண்டுமானாலும் காட்டலாம், பிரதி போடலாம் என்றாகின்றன. ஒன்று, வயது. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலப் படத்துக்கு அதிகபட்சம் 95 ஆண்டுகள். 1930இல் வந்தவை 2026 ஜனவரி 1 அன்று விடுதலையாகிவிட்டன. இரண்டு, மறதி. அன்றைய சட்டப்படி முதல் 28 ஆண்டுகள் முடிவதற்குள் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். இயக்குநர் ஃப்ராங்க் காப்ராவின் 1946ஆம் ஆண்டுப் படம் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’, அதன் உரிமையை 1974இல் யாரும் புதுப்பிக்கவில்லை. எந்த வழியில் வந்தாலும், ஆற்றில் போகிற தண்ணீர்தான்: ஐயா குடி, அம்மா குடி!

மூன்றாவது, கவனக்குறைவு. பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜார்ஜ் ரொமேரோ என்ற இளைஞர் நண்பர்களோடு சேர்ந்து, ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் பேய்ப்படம் எடுத்தார். செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்கிறார்கள். ரத்தத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? சாக்லேட் பாகு! கறுப்பு வெள்ளைப் படம், யாருக்குத் தெரியப் போகிறது? (சிரிப்பு) 1968இல் வெளியிடும் நேரத்தில் விநியோகஸ்தர் தலைப்பை ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்று மாற்றினார். உரிமை அறிவிப்பு வரி பழைய தலைப்பு அட்டையில்தான் இருந்தது. புது அட்டையில் அதைப் போட மறந்துவிட்டார்கள். அறிவிப்பில்லாமல் வெளியிட்டால் உரிமை போச்சு, அன்றைய சட்டம் அப்படி. படம் கோடிக்கணக்கில் ஓடியது. வீடியோ கேசட் வந்ததும் ஆளாளுக்குப் பிரதி போட்டு விற்றார்கள். ஐயா குடித்தார், அம்மா குடித்தார், ஆற்றை வெட்டியவர் வாயில்தான் தண்ணீர் விழவில்லை.

ஆனால் அந்தப் பிரதிகளைப் பார்த்திருக்கிறீர்களா? முகம் எது, சுவர் எது என்றே தெரியாது. மூல நெகட்டிவ் பிழைத்திருந்ததால்தான் 2016இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அந்தப் படம் தெளிவாகத் திரும்பி வந்தது. அமெரிக்க மௌனப் படங்களில் ஏறக்குறைய எழுபது சதவீதம் அழிந்துவிட்டது. வயதாகி விடுதலை கிடைத்து என்ன பயன், படமே இல்லையே!

இதைச் சொல்லத்தான் வந்தேன். நம் சட்டத்தில் படங்களுக்கு 60 ஆண்டுகள். 1965 வரை வந்த தமிழ்ப் படங்கள் இங்கே பொதுச்சொத்தாகிவிட்டன. ஐயா குடி, அம்மா குடி என்று சொல்ல ஆசைதான். ஆனால் தமிழின் முதல் மௌனப்படம் ‘கீசக வதம்’ ஒரு அடி பிலிம்கூட மிஞ்சவில்லை. 2003இல் புனே கிடங்கில் பிடித்த தீ எத்தனை பழைய சுருள்களைத் தின்றது! குளிரூட்டிய பிலிம் காப்பகம் ஒன்று தமிழ்நாட்டு அரசு கட்டவேண்டும். நகர்மன்ற உறுப்பினர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் எழுந்தே விட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் காபிக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.