அட்டைக் கடியும் எக்மோ இயந்திரமும்

[காட்சி: மூணாறு தேயிலைத் தோட்டம், சாரல் மழை. கணுக்காலில் ஓர் அட்டை.]

மூணாறு, வண்டிப்பெரியார் பக்கம் கொழுந்து பறிக்கும் நம் ஆட்களுக்கு இது தெரியும். உப்பு வைத்தால் அட்டை விழுந்துவிடும், கடிவாயில் ரத்தம் மட்டும் நிற்காது. அதன் எச்சிலில் உள்ள ஒரு புரதம், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினைக் கட்டிப்போடுகிறது. மருத்துவ அட்டையில் அதற்குப் பெயர் ஹிருடின். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

[காட்சி: ஐசியு. ரத்தம் ஓடும் தடித்த குழாய்கள்.]

இதயமோ நுரையீரலோ ஓய்ந்துபோனவருக்கு, அவற்றின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ இயந்திரத்தை வைக்கிறார்கள். ரத்தம் வெளியே வந்து, ஆக்ஸிஜனேட்டரில் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு உடம்புக்குத் திரும்புகிறது. நம் ரத்தக்குழாயின் உட்சுவர் உயிருள்ளது, ரத்தத்தை உறையவிடாது. பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் இல்லை. ரத்தம் பட்ட சில நொடிகளில் அதிலுள்ள புரதங்கள் ஒட்டத் தொடங்கிவிடும், அங்கிருந்து ரத்தம் உறையும்.

அதைத் தடுக்கத்தான் ஹெபரின் என்ற மருந்து. 1916ல் கண்டறியப்பட்டது, இன்று பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். 'ரத்தத்தை நீர்க்க வைக்கிற மருந்து' என்பார்கள். ரத்தம் நீர்ப்பதில்லை, உறைய எடுக்கும் நேரம்தான் நீள்கிறது. படுக்கையருகிலேயே சில சொட்டு ரத்தத்தில் அந்த நேரத்தை அளப்பார்கள். ஏசிடி என்ற இந்தச் சோதனையில் பல இடங்களில் 180 முதல் 220 நொடிக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். குறைந்தால் ரத்தக்கட்டி, கூடினால் மூளையில்கூட ரத்தக்கசிவு வரலாம்.

ஆனால் ஹெபரின் தனியாக வேலை செய்யாது. நோயாளியின் ரத்தத்திலுள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதம் துணைக்கு வேண்டும். அது குறைந்துவிட்டால் டோஸைக் கூட்டியும் பிடிக்காது. சிலருக்கு ஹெபரினே, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்து, கூடவே கட்டியையும் உண்டாக்கிவிடும். அப்போது அட்டை உதவிக்கு வருகிறது. ஹிருடினை மாதிரியாக வைத்துச் செய்த பைவலிருடின் என்ற மருந்து, த்ராம்பினை நேராகப் பிடிக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தத்தில் இதன் அளவு சுமார் 25 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ரத்தம் தேங்கும் மூலைகளில் இது சிதைந்துபோவதால் அங்கே உறையக்கூடும். ஹெபரினை முறிக்கப் புரோட்டமின் உண்டு, இதற்கு முறிவு மருந்து கிடையாது.

[காட்சி: ஆக்ஸிஜனேட்டர்மேல் டார்ச் வெளிச்சம்.]

எண்களோடு விடமாட்டார்கள். நர்ஸோ, இந்த இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட்டோ டார்ச் அடித்துக் கட்டிகளைத் தேடுவார்கள். கருந்திட்டு ரத்தக்கட்டி, வெள்ளை இழை, ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரதம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், கண்ணும் பொறுமையும் மட்டுமே கருவி.

வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒன்று. நர்ஸ் வந்து மலையாளத்தில் 'மருந்நு நிர்த்தி' (மருந்தை நிறுத்திவிட்டோம்) என்றால் கைவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கசிவு அதிகமானால் ஹெபரினைச் சில மணி நேரம் நிறுத்தி, பம்பின் ஓட்டத்தைக் கூட்டி வைப்பதுண்டு. வேகமாக ஓடும் ரத்தம் சட்டென்று உறையாது. கசிவு அடங்கியதும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைத் தொடங்குவார்கள்.