விட்டுக்கொடுத்ததால் பேர் வாங்கிய பெட்டிகள்

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

சோர் பஜாரில் மட்டன் தெருப் பக்கம் போனால், பழைய கிராமபோன் குழல்களுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவே கனத்த மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் கண்ணில் படும். முன்துணியைத் தூக்கினால், அதிர்ந்து பாடும் காகிதக் கூம்பான கோனைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு கேழ்வரகு மாவு போல உதிர்ந்து கிடக்கும். வாங்கலாமா, விட்டுவிடலாமா? அதற்குப் பதில் வேண்டுமென்றால், இந்தப் பெட்டிகள் எதனால் பேர் வாங்கின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்பீக்கரிடம் நாம் மூன்று கேட்கிறோம். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், பேஸ் என்னும் அடித்தொனி ஆழமாக இறங்க வேண்டும், கொஞ்சம் வாட்டிலேயே உரக்கப் பாட வேண்டும். மூன்றும் ஒரே பெட்டியில் அமையாது. இரண்டைப் பிடித்தால் மூன்றாவது கையை விட்டுப் போகும். இந்தக் கணக்குக்கு ஹாஃப்மன் விதி என்று பேர். கே.எல்.எச். என்ற பிராண்டின் கடைசி எழுத்து அதே ஹாஃப்மன்தான். பேர்பெற்ற பழைய ஸ்பீக்கர்கள் எல்லாமே, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, மிச்சத்தை முழு மனதோடு செய்தவை.

1946-இல் அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாநிலத்தில் பால் கிளிப்ஷ் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் விட்டுக்கொடுத்தது அளவை. ஆள் மார்பு உயரப் பெட்டி. அறையின் மூலைச் சுவர்களே அதன் ஹார்னின், அதாவது ஒலியைப் பெருக்கும் குழலின், கடைசிப் பகுதி. ஒரே சுவரின் இரு முனையிலும் கதவு, அலமாரி இல்லாத மூலை வேண்டும். நம் மும்பை ஃப்ளாட்டில் எத்தனை பேருக்கு அது அமையும்? ஆனால் ஒரு வாட் கொடுத்தாலே ஹாலை நிரப்பிவிடும்.

நேர் எதிர் முனையில் இருப்பது பிபிசியின் எல்எஸ் 3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970-களில் பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்தது. உள்ளளவு ஏறத்தாழ 5 லிட்டர்தான். ஆழ்ந்த பேஸையும் உரத்த ஒலியையும் விட்டுவிட்டு, மனிதக் குரல் குரலாகவே கேட்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது. ஒரே வாட்டில் எழும் ஒலியில் கிளிப்ஷ்ஹார்னுக்கும் இதற்கும் 20 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம். அங்கே ஒரு வாட் செய்யும் வேலைக்கு இங்கே நூறு வாட்டுக்கு மேல் வேண்டும்; அவ்வளவை இது தாங்கவும் தாங்காது. அதனால் காது உயர ஸ்டாண்டில் வைத்து, ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். பெட்டி மெல்லிய பிர்ச் பிளைவுட். உள்ளே அதிர்வை அடக்கும் பட்டைகள் ஒட்டியிருக்கும். கனமான எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) போட்டால் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உச்சத்தொனி பாடும் ட்வீட்டரைச் சுற்றியுள்ள ஃபெல்ட் துணியும் அலங்காரம் இல்லை. பெட்டி முனையில் பட்டுத் திரும்பும் ஒலியை அது உறிஞ்சுகிறது.

1957-இல் வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் கோனே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் பாடுகிறது. படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்க வேண்டும். நம் ஊர்த் தூசும் ஈரமும் சேர்ந்தால் அந்த வோல்டேஜ் கசிந்து ‘டிக் டிக்’ என்று பொறி தட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் மிச்சம் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது.

சோர் பஜாரில் உதிர்ந்து கிடக்கும் நுரை விளிம்புக்கு இப்போது வருகிறேன். அந்தக் கதை ஏஆர் என்கிற அக்கூஸ்டிக் ரிசர்ச் ஸ்பீக்கரில் தொடங்குகிறது. அதுவரை பேஸ் பாடும் வூஃபரின் கோனை விறைப்பான விளிம்பும், பின்னால் உள்ள மடிப்புத் துணி வளையமான ஸ்பைடரும்தான் இழுத்துப் பிடித்திருந்தன. கோன் நிறைய நகரும்போது அந்த இழுப்பு சீராக இருக்காது, பேஸ் கரகரக்கும். 1954-இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் அதைத் தலைகீழாக மாற்றினார். விளிம்பைத் தளர்வாக விட்டு, பெட்டியை அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே ஸ்பிரிங்காக ஆக்கினார். காற்றின் இழுப்பு சீரானது. 25 அங்குல நீளப் பெட்டியிலிருந்து, அதுவரை அலமாரி அளவுப் பெட்டியில்தான் கேட்டிருந்த பேஸ் வந்தது. விட்டுக்கொடுத்தது, கொஞ்சம் வாட்டிலேயே உரக்கப் பாடுவதை. 1958-இல் ஏஆர்-3 டோம் ட்வீட்டரோடு வந்தது. மேடையில் ஒரு நால்வர் வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பதிவுக்கு மாற்றுவார்கள். எப்போது மாறியது என்று சபைக்குத் தெரியாது. அந்த நிறுவனம் நடத்திய விளம்பர நிகழ்ச்சி அது.

காற்றுதான் ஸ்பிரிங் என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியில் எங்கே கசிந்தாலும் அது ஏஆர் இல்லை. பேஸ் குறைவாக இருக்கிறது என்று ஓட்டை போட்டுக் குழாய் வைத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது ஒரு பென்சில் செல், ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச் போதும். 4 ஓம் வூஃபர் மீட்டரில் 3 முதல் 3.5 ஓம் வரை காட்டும்; 8 ஓம் என்றால் 5.5 முதல் 7 வரை. ஒன்றுமே காட்டவில்லை என்றால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் அறுந்திருக்கிறது. பிறகு இரு கை விரல்களையும் கோனில் எதிரெதிராக வைத்து மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்டால் காயில் நகர்ந்திருக்கலாம், அல்லது மேக்னெட் இடுக்கில் துரு ஏறியிருக்கலாம். கடல்காற்றில் இரண்டாவதுதான் அதிகம். அதைப் புது நுரை சரிசெய்யாது.

நுரை மட்டும் போயிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். அது பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரமே அதை அரிக்கிறது; பாடாமல் மூடி வைத்த பெட்டியிலும் உதிரும். புது நுரை வாங்கும்போது 12 அங்குலம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கோனின் விட்டம், நுரை மடிப்பின் உள் விட்டம், வெளி விட்டம், இரும்புச் சட்டத்தின் உள் விட்டம், நான்கும் அளந்து கொண்டு போங்கள்.

பழைய பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் நனைத்துச் சுரண்டுங்கள். காகிதக் கோன் ஊறிவிடக் கூடாது. நடுவிலுள்ள மூடியை பிளேடால் மெதுவாக எடுத்து, வாய்ஸ் காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிய பட்டையாக வெட்டி நான்கு பக்கமும் செருகுங்கள். காயில் நடுவில் நிற்பதற்கு இதுதான் உத்தரவாதம். நுரையை முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு சட்டத்தில் ஒட்டுங்கள். வெள்ளைப் பசைதான் நல்லது, நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். சட்டென ஒட்டும் பசை ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் மன்னிக்காது. 24 மணி நேரம் கழித்துத்தான் ஃபிலிமை உருவ வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் கெட்டியாகப் பிடியுங்கள்; மேக்னெட் இழுத்தால் அது நேராகக் கோனைக் குத்திவிடும்.

ட்வீட்டர் பாடவில்லை என்றால் உடனே செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பழைய ஏஆரில் பெரும்பாலும் பழுது, பின்பக்கம் உள்ள லெவல் கன்ட்ரோல்தான். உள்ளே கம்பி சுற்றிய பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) களிம்பேறி, தொடர்பு விட்டுப் போயிருக்கும். திறந்து நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் பல ட்வீட்டர்கள் அந்த நிமிடமே பாடத் தொடங்கும்.

ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் உள்ள கன்டென்சர்கள் அரை நூற்றாண்டில் அளவு மாறியிருக்கும். ஏஆர்-3-க்கு அடுத்து வந்த ஏஆர்-3ஏ என்றால் 150, 50, 6 மைக்ரோஃபாரட் மூன்றும் மாற்ற வேண்டியவை. லாமிங்டன் ரோட்டில் நான்-போலார் என்று கேட்டு வாங்குங்கள், 100 வோல்ட். பிளஸ் மைனஸ் குறி போட்ட சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் இந்த இடத்துக்கு ஆகாது, உப்பி வெடிக்கும்.

உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சைக் கையுறை போட்டு எடுங்கள், எடைபோட்டு வையுங்கள். அதே எடை திரும்ப உள்ளே போக வேண்டும். குறைந்தால் பேஸின் குணம் மாறும். வூஃபர் உட்காரும் விளிம்பில் பழைய மக்கு காய்ந்து வெடித்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு மிருதுவான மக்கு வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். செல்லின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸில் தொட்டால் இரண்டு பெட்டி வூஃபரும் ஒரே பக்கம் நகர வேண்டும்.

கடைசியாக, கோனை இரு கையாலும் மெல்ல உள்ளே அழுத்திவிட்டு எடுங்கள். படக்கென்று திரும்பினால் எங்கோ கசிவு. பாட் தண்டு, டெர்மினல், மக்கு எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். கசிவு அடைபட்டிருந்தால், கையை எடுத்த பிறகு கோன் ஒரு நொடி, ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டு, நிதானமாகத் தன் இடத்துக்கு வந்து நிற்கும்.