வைத்தியசாலை மீது முறைப்பாடு: யாருக்கு எழுதுவது, எதை எழுதுவது

வணக்கம். திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். வீடு கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பதால் பின்னணியில் காற்றின் இரைச்சல் கேட்கலாம். சாளரத்தை மூடினால் வெக்கையில் பேச முடியாது, ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியசாலையில் சரியாகக் கவனிக்கவில்லை, எங்கே முறையிடுவது என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. மூதூரிலிருந்து வருகிறது, கிண்ணியாவிலிருந்து வருகிறது, புல்மோட்டைப் பக்கத்திலிருந்தும் வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் தொலைபேசி இலக்கம் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். ஓர் இலக்கத்தைச் சொல்லிவிட்டு இந்தக் காணொளியை முடித்துவிடலாம்தான். ஆனால் தொலைபேசியில் சொன்ன குறைக்கு யாரும் கையெழுத்திட்டுப் பதில் தருவதில்லை என்பதால், இன்று எழுத்து மூலமான முறைப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எந்த வைத்தியசாலையின் பெயரையும், எந்த வைத்தியரின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒரு தயக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகத்தானே பார்க்கிறார்கள், அதில் குறை சொல்லலாமா" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழியும் உடனே வரும். அது தானமாக வந்த மாடு அல்ல. கடையில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் நாங்கள் செலுத்தும் வரியில் நடக்கும் சேவை அது. அரசாங்க வைத்தியசாலை ஓர் அரச நிறுவனம், அங்கு வேலை செய்பவர்கள் அரச உத்தியோகத்தர்கள். பிரதேச செயலகத்தில் கோவை காணாமல் போனால் கேட்கும் அதே உரிமையோடு இங்கும் கேட்கலாம்.

இரண்டாவது தயக்கம் இதைவிட நியாயமானது. அடுத்த மாதமும் அதே கிளினிக்குக்குத்தானே போக வேண்டும், எழுதிக் கொடுத்தால் மனதில் வைத்துக்கொள்வார்களே என்ற பயம் அது. இந்தப் பயத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். நோயாளி இன்னும் விடுதிக்குள் இருக்கும்போது கடிதத்தை எடுத்துக்கொண்டு நிற்பதைவிட, முதலில் விடுதிப் பொறுப்புத் தாதியிடமும், பிறகு அந்த விடுதிக்குப் பொறுப்பான விசேட வைத்திய நிபுணரிடமும், அதற்கும் பலன் இல்லாவிட்டால் பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகரின் அலுவலகத்திலும் நேரில் கதைப்பது நல்லது. அந்த நேரத்தில் எங்களுக்கு வேண்டியது சிகிச்சை. விசாரணை பிறகு நடக்கலாம். ஆனால் கதைத்த நேரத்தையும் கதைத்தவரின் பெயரையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், ஏனென்றால் பின்னர் எழுதப்போகும் கடிதத்தின் முதுகெலும்பு அந்தக் கொப்பிதான்.

ஒரு விடயத்தைச் சொன்னால் விளங்கும். என் பெரியம்மா நீரிழிவு நோயாளி. காலில் புண் ஏற்பட்டு ஒரு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தபோது, வார இறுதியில் புண்ணுக்கு மருந்து கட்டப்படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என் மைத்துனர் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார். மனிதாபிமானம், கடவுள், சாபம் எல்லாம் அதில் இருந்தன. எந்தத் திகதி, எந்த விடுதி, எத்தனை மணி என்பது மட்டும் இல்லை. அப்படி ஒரு கடிதம் போனால் நிர்வாகம் எழுதக்கூடிய பதில் ஒன்றுதான்: "தங்களின் மனவருத்தத்துக்காக வருந்துகிறோம்." அதற்கு மேல் எழுத அவர்களுக்கு அவசியமே இருக்காது. நாங்கள் அந்தக் கடிதத்தை வைத்துவிட்டு இன்னொன்று எழுதினோம். சனிக்கிழமை காலை விடுதியில் எத்தனை மணிக்கு மருந்து கட்டும்படி கேட்டோம், யார் என்ன பதில் சொன்னார், திங்கட்கிழமை காலை கட்டைப் பிரித்தபோது புண் எப்படி இருந்தது என்பவற்றை ஒவ்வொன்றாக எழுதி, "இந்த இடைவெளியில் மருந்து கட்டப்பட்டதா, கட்டப்பட்டிருந்தால் அதற்கான பதிவு எங்கே" என்று கேட்டோம். வந்த பதிலில் அந்த வார இறுதிக்கான பதிவு இல்லை என்பது ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது, ஆளணிப் பற்றாக்குறை காரணமாகக் கூறப்பட்டிருந்தது. அந்தக் காரணம் எனக்குத் திருப்தியாக இல்லை. இருந்தாலும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு பதில் கையில் இருக்கும்போதுதான் அடுத்த அலுவலகத்தின் கதவைத் தட்ட முடியும்.

ஆகவே நான் வலியுறுத்துவது இதைத்தான்: பதில் சொல்லாமல் தப்ப முடியாத கேள்வியாக முறைப்பாட்டை எழுதுங்கள். "இரவு முழுவதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை" என்று எழுதினால், பார்த்தோம் என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். "இரவு 10.15க்கு மூச்சுத் திணறலைத் தாதியிடம் சொன்னோம், 11.40க்கு மீண்டும் சொன்னோம், வைத்தியர் காலை 6.30க்கு வந்தார்" என்று எழுதினால், அதை மறுப்பதற்குப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். விடுதி இலக்கம், கட்டில் இலக்கம், அனுமதி இலக்கம், வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் காட் எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள். கடிதத்தின் கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எழுத்து மூல விளக்கம் வேண்டுமா, விசாரணையின் முடிவு வேண்டுமா, விடுதியில் ஒரு நடைமுறை மாற வேண்டுமா? இதைக் கேட்காத கடிதம் கோவைக்குள் போய்ப் படுத்துவிடும்.

இன்னொன்று, பற்றாக்குறையையும் கவனயீனத்தையும் ஒரே பந்தியில் கலக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்து இல்லாமல் போனதும், அதன்பின் வைத்தியர்கள் பலர் வெளிநாடு சென்றதும் எல்லோருக்கும் தெரியும். மருந்து இல்லை என்பதற்கு விடுதியில் நிற்கும் தாதியைக் குற்றம் சாட்டுவது அநியாயம். மருந்து இல்லை என்ற செய்தியை வீட்டாருக்குச் சொல்லாமல், வெளியில் வாங்கி வரவும் விடாமல் நேரத்தைக் கடத்தியது வேறு விடயம். அதை மட்டும் தனியாக எழுதுங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமையும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று யாரோ ஒருவருக்குக் காசு கொடுத்து எழுதுவிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது கையெழுத்திட்டவருக்கே தெரியாது. விசாரணைக்கு அழைத்துக் கேட்கும்போது அவர் தடுமாறி நிற்பார்.

யாருக்கு அனுப்புவது? வைத்தியசாலையின் பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகரின் பெயருக்கு முதலில் அனுப்புங்கள். மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சில வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழும் மற்றவை மாகாணத்தின் கீழும் இயங்குகின்றன. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்றவை மத்திய அமைச்சுக்கு உரியவை. சில வைத்தியசாலைகளின் நிர்வாகம் இடையில் கைமாறுவதும் உண்டு, ஆகவே அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். மாகாணத்துக்கு உரியது என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், அதற்கு மேல் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் போக வேண்டும். கிழக்கு மாகாண நிர்வாகம் திருகோணமலையிலேயே இருப்பது எங்களுக்குள்ள ஒரு வசதி, பஸ்ஸில் போய் நேரில் கொடுத்துவிட்டு வரலாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடிதத்தின் அடியில் "பிரதிகள்" என்று ஜனாதிபதி தொடக்கம் எங்கள் தொகுதி உறுப்பினர் வரை ஒரு நீண்ட வரிசையை எழுதும் பழக்கம் இருக்கிறதே, அதைக் கைவிட்டால் நல்லது. எல்லோருக்கும் போன கடிதத்தை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

எங்கள் மாவட்டத்தில் நோயாளி ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். மூதூரில் அனுமதித்து, திருகோணமலைக்கு மாற்றி, அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவது வழமை. ஆகவே பதிவுகள் மூன்று இடங்களில் கிடக்கும், ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சென்றது என்பதை இடமாற்றக் கடிதத்திலும் அம்பியூலன்ஸ் புறப்பட்ட நேரத்திலும் பார்த்துக் கணக்கிடுங்கள். திருகோணமலைப் பக்கத்தையும் கிண்ணியாவையும் பிரிக்கும் களப்பின் மேல் கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டுவிட்டது, தாமதத்துக்குக் களப்பைக் காரணம் காட்டும் காலம் முடிந்துவிட்டது.

பதிவுகளைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவரின் மருத்துவப் பதிவை மற்றவருக்குக் கொடுக்க அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆனால் அந்த நோயாளியே எழுத்தில் சம்மதம் தந்தால் அந்தத் தடை இல்லை. படுக்கையில் இருப்பவர் என்றால் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ பெற்று விண்ணப்பத்துடன் இணையுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

தவறு ஒரு வைத்தியரின் தொழில் நடத்தை பற்றியது என்றால், மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபைக்குச் சத்தியக்கடதாசியுடன் முறையிட வேண்டும். சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். பதிவேட்டிலிருந்து வைத்தியரின் பெயரை நீக்கும் அளவுக்கு அதிகாரம் உள்ள சபை அது, ஆனால் உங்களுக்கு ஒரு சதம் நட்டஈடு பெற்றுத் தராது. தனியார் வைத்தியசாலை என்றால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் பேரவை உண்டு.

அரசாங்க வைத்தியசாலையில் இனம், மொழி போன்ற காரணத்தால் பாகுபாடு காட்டப்பட்டது என்றால், அது அடிப்படை உரிமை மீறல். உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் சேர்க்கப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலை நகரத்திலேயே இருக்கிறது. பதிலுக்காகக் காத்திருந்து மூன்று மாதம் கழித்து வருபவர்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

நட்டஈட்டு வழக்கு கடினமானது. அதற்கு இரண்டு வருடக் காலவரையறை இருக்கிறது. 2001இல் உயர் நீதிமன்றம் தீர்த்த சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில், வைத்தியரின் கவனயீனம் இருந்ததாக ஏற்றுக்கொண்ட பின்னரும், அதுதான் பிள்ளையின் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, கீழ் நீதிமன்றங்களில் தந்தைக்குக் கிடைத்த நட்டஈட்டை நீதிமன்றம் தள்ளிவிட்டது. தவறு நடந்ததைக் காட்டுவதோடு, அந்தத் தவறால்தான் பாதிப்பு வந்தது என்பதையும் காட்ட வேண்டும். மரணம் நேர்ந்து சந்தேகம் இருந்தால், உடலைப் பொறுப்பேற்பதற்கு முன்பே திடீர் மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அடக்கம் முடிந்த பிறகு சான்று தேடுவது மிகவும் கடினம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேட்கலாம்.

விடுதிக்குள் நின்று பேஸ்புக்கில் நேரலை போடுவதைப் பற்றியும் கேட்கிறீர்கள். நான் அதை ஆதரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் அரை உடையோடு கிடக்கும் இன்னொருவரின் முகம் அதில் வந்துவிடுகிறது, அதன் பிறகு உங்கள் முறைப்பாட்டை விசாரிப்பதற்கு முன் உங்கள் மீது முறைப்பாடு வந்துவிடும். அதே காரணத்துக்காகத்தான் இந்தக் காணொளியின் கீழே நோயாளியின் அட்டையைப் படம் எடுத்துப் போட வேண்டாம் என்கிறேன், போட்டால் நீக்கிவிடுவேன். அடுத்த காணொளியில் தகவல் அறியும் விண்ணப்பப் படிவத்தை வரி வரியாக நிரப்பிக் காட்டுகிறேன். நோயாளியின் சம்மதக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் காட்டுகிறேன்.