பதினெட்டாம் கட்டில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும் பிற்பாடு கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்குச் சேரும் செவிலியரைப் பற்றி எங்கே பேசத் தொடங்கினாலும் ஷிஃப்ட் மாறுகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் போய் நிற்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்றும் அங்கேதான் நிற்கப் போகிறேன்.

மூன்றாண்டு டிப்ளமாவோ நான்காண்டு பி.எஸ்சி.யோ முடித்தவருக்கு ஊசி போடத் தெரியும், டிரிப் ஏற்றத் தெரியும். ஆனால், ஆசிரியையின் கண்பார்வையில் ஐந்தாறு நோயாளிகளைக் கவனித்துப் பழகியவரிடம், ஓர் இரவில் வார்டு முழுவதையும் ஒப்படைத்துவிடுகிறோம். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை. பொது வார்டில் உறவினருக்குத் துணையாக இரவு தங்கியவர்களுக்கு உண்மை நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் முதல் இரவுப் பணி 1986இல், நாற்பது கட்டில் கொண்ட பெண்கள் வார்டில். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மூத்த சிஸ்டர், மேசையருகே நின்றபடியே கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிச் சொல்லி முடித்தார். கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. காலை ஆறு மணிக்கு இன்சுலினுடன் பதினெட்டாம் கட்டிலுக்குப் போய், "மாரியம்மாள்தானே?" என்றேன், தூக்கக் கலக்கத்தில் தலை அசைந்தது. பஞ்சால் கையைத் துடைத்த குளிர்ச்சியில் விழித்த அந்தப் பாட்டி, "எனக்குச் சர்க்கரையே இல்லையே, தாயி" என்றார். மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளாத மாரியம்மாள், முந்தைய மாலையே பாட்டியிடம் கேட்டுப் பதினொன்றாம் கட்டிலுக்கு மாறியிருந்தார். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு, அதுவும் வெறும் வயிற்றில், அந்த மருந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான்.

ஆகவே, மறுபடியும் சொல்கிறேன்: பொறுப்பைக் கைமாற்றுவது கட்டிலருகே நடக்க வேண்டும். "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்காமல், "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்க வேண்டும். மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் மருந்தை எழுதி, அவருக்கே திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் புதியவருக்குத் தெரியாததல்ல; "இதுகூடத் தெரியாதா?" என்பார்களே என்ற அச்சம்தான் வாயைக் கட்டுகிறது. அந்த அச்சத்தை ஊட்டுகிறவர்கள் மூத்தவர்களாகிய நாங்களே. நானும் சிலரிடம் வெடுக்கென்று பேசியிருக்கிறேன்.

ஊதியத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இன்னொன்று, இரவுப் பணி முடித்து வரும் மகளையோ மருமகளையோ பகலில் கதவைத் தட்டி எழுப்பாதீர்கள். நன்றி, வணக்கம்.