கியூரி வீட்டுச் சாப்பாட்டறை

சபைக்கு வணக்கம். நான் நாட்டியக்காரன் இல்லை. முப்பது வருஷமாக சைடு விங்கில், இருட்டில் உட்கார்ந்து மேடைக்கு விளக்குப் போட்டவன். அதனால் நான் பேசினால் கொஞ்சம் விளக்கு வாசனை அடிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். "சார், இந்த வருஷம் ஆண்டு விழா இல்ல, விருந்து. இசடோரா டங்கன் காலத்த அப்படியே கொண்டுவரணும். லைட் நீங்க பாத்துக்கணும்" என்றார்கள். இசடோரா, நவீன நடனத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான அமெரிக்க நடனக்காரி. கையில் ஒரு பட்டியல். மயிலிறகு வைத்த தலைப்பட்டை, முழங்கால் வரை தொங்குகிற முத்துமாலை, ஷாம்பெயின் கிளாஸில் ரோஸ்மில்க், சார்ல்ஸ்டன் ஆட்டம்.

பட்டியல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் காலம் தப்பு. சார்ல்ஸ்டன் 1920-களின் ஜாஸ் சமாச்சாரம். நவீன நடனம் பிறந்த காலம் அதற்கு முந்தியது. 1892-லிருந்து முதல் உலகப்போர் வெடித்த 1914 வரை என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டி கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் கொள்ளுப்பாட்டி கல்யாணத்துக்கு ஜோடனை செய்கிற மாதிரி ஆகிவிடும் என்றேன். சிரித்தார்கள். ஆனால் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.

அந்தக் காலத்து விருந்து எப்படி இருந்தது? எனக்குத் தெரிந்து இரண்டு இருக்கின்றன. இரண்டும் பாரிஸ் பக்கம்.

முதலாவது ஊரறிந்தது. 1912 ஜூன் 20. பால் பொவாரே என்கிற ஆடை வடிவமைப்பாளர் வெர்சாய் அருகே காட்டுக்குள் இருக்கிற பியூதார் மாளிகையில் பாக்கஸ் என்னும் மது தெய்வத்தின் பேரில் விருந்து வைத்தார். முந்நூறு விருந்தினர். எல்லோருக்கும் பழங்கிரேக்க வேஷம். தொள்ளாயிரம் பாட்டில் ஷாம்பெயின் காலியானதாகச் சொல்வார்கள். இசடோராவே வந்து மேஜைகளின் மேல் ஏறி விடியும்வரை ஆடினார். அதற்கு முந்தின வருஷம் அதே மனிதர் ஆயிரத்திரண்டாவது இரவு என்று ஒரு பாரசீக விருந்து வைத்திருந்தார். உடை சரியில்லாமல் வந்தவர்கள் வாசலிலேயே மாற்றிக்கொண்டால்தான் உள்ளே விட்டார்களாம்.

இரண்டாவது விருந்துக்கு விருந்தினர் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். லோயி ஃபுல்லர் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி. 1892 நவம்பர் 5-ம் தேதி பாரிஸின் ஃபோலி பெர்ழேர் அரங்கில் ஆடி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தவர். மேரி கியூரி தம்பதி ரேடியம் கண்டுபிடித்த செய்தி இவர் காதுக்கு எட்டுகிறது. அது இருட்டில் ஒளிருமாமே, அதைப் பட்டாம்பூச்சி நடனத்தின் இறக்கையில் பூசிக்கொள்ளலாமா என்று கடிதம் எழுதிக் கேட்டுவிட்டார். அது நடக்காது என்று தம்பதி பொறுமையாக விளக்கிப் பதில் போட்டார்கள். அந்த மரியாதைக்குக் கைம்மாறாக, உங்கள் வீட்டிலேயே வந்து ஆடிக்காட்டுகிறேன் என்றார் ஃபுல்லர். ஒரு நாள் தன் மின்சாரப் பணியாளர்களோடு கியூரி வீட்டில் இறங்கினார். மணிக்கணக்காக ஒயர் இழுத்து, விளக்குப் பொருத்தி, சாப்பாட்டறையையே மேடையாக்கினார்கள். அன்று இரவு அந்த விஞ்ஞானிகளுக்காக அவர் ஆடினார்.

எனக்கு இதுதான் விருந்து! பொவாரேயினுடையது பணக்காரர் வீட்டு மாறுவேடப் போட்டி. நீங்கள் அதைப் பார்த்துச் செய்யப்போனால் துணிக்கடைக்கும் கேட்டரிங்காரருக்கும் கொட்டிக் கொடுத்துவிட்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். கியூரி வீட்டு விருந்துக்கு வேண்டியது ஒரு அறை, நல்ல இருட்டு, வெள்ளைத் துணி, நாலைந்து விளக்கு. அவ்வளவுதான்.

ஃபுல்லரின் வித்தையை இப்போது சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் நான் வந்ததே. சுற்றிலும் கறுப்பு வெல்வெட். நடுவில் வெள்ளைப் பட்டு. கைக்குள் நீண்ட கழிகள், துணியோடு சேர்த்துத் தைத்தவை. அந்த ஏற்பாட்டுக்கு 1894-ல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார். கையை ஆட்டினால் துணி அலையாகும், பூவாகும், தீயாகும். நிறம் துணியில் கிடையாது, முழுக்க விளக்கில். பக்கவாட்டிலிருந்து விளக்கு, தரையில் கண்ணாடி பதித்து அதன் அடியிலிருந்தும் விளக்கு. இன்றைக்கு நாங்கள் ஸ்பாட் விளக்கு முன்னால் நிறத்துக்காகச் செருகுகிற ஜெலட்டின் தாள் இருக்கிறதே, அந்த அம்மாள் அன்றைக்கே அதை வைத்து விளையாடியிருக்கிறார்.

உங்கள் ஹாலில் செய்வது எப்படி? ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. சுவரில் தொங்கும் சீரியல் செட்டை முதலில் கழற்றுங்கள். இருட்டு இல்லாமல் ஃபுல்லர் இல்லை. வலம் இரண்டு, இடம் இரண்டு, கீழே ஒன்று. முன்னாலிருந்து நேராக வெளிச்சம் அடிக்கவே கூடாது. முகம் தெரியும், துணி செத்துப்போகும். நாலு மீட்டர் வெள்ளைத் துணி மெல்லியதாக இருக்கட்டும். சாடின் எடுக்காதீர்கள், கனத்தில் தொங்கிவிடும்.

அப்புறம், ஃபேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டு விசேஷத்தில் இதே வித்தையைப் பண்ணினோம். விளக்கு, துணி, கழி எல்லாம் சரியாக இருந்தது. மேலே ஃபேன் இரண்டாம் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. துணி ஒரு சுற்றுத்தான் போனது. சரக்கென்று இழுத்த இழுப்பில் மூங்கில் கழி பறந்து போய்ப் பாயசத் தூக்குக்குள் குத்திட்டு நின்றது. ஆடின பொண்ணுக்குக் காயமில்லை, பெருமாள் புண்ணியம். சுற்றுகிற எதற்கும் துணிக்கும் ஆகாது. இசடோரா 1927 செப்டம்பரில் நீஸ் நகரில் காரில் போகும்போது கழுத்துத் துணி சக்கரத்தில் சிக்கித்தான் செத்துப்போனார். நீளத் துண்டு போட்டுக்கொண்டு அதை யாராவது நடித்துக்காட்டுகிறேன் என்று வந்தால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உடை. இசடோரா போட்டது கிரேக்கத் தளர் அங்கி. அந்தக் காலத்துப் பெண்கள் இடுப்பை இறுக்கும் கார்செட்டுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, இவர் பழங்கிரேக்க ஜாடிச் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து அந்த அங்கிக்கு வந்தார். அதற்குத் தையற்காரரே வேண்டாம். எட்டு முழ வேட்டியை இரண்டாக வெட்டுங்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டு தோளிலும் ஊக்கு. பக்கத்தில் நாலைந்து தையல். இடுப்பில் கயிறு கட்டி, மிச்சத் துணியை மேலே உருவிக் கயிற்றின்மேல் தளர விடுங்கள். கிரேக்கம் வந்துவிட்டது!

காலில் ஒன்றும் வேண்டாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தால் போதும். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். இசடோரா வெறுங்காலோடு மேடையில் ஆடினாள் என்று ஐரோப்பாவே அதிர்ந்தது. நம்மூரில் சபையில் செருப்புக் காலோடு ஆடினால்தானே அதிர்ச்சி!

இனி, கொஞ்சம் முள்ளான இடம். ரூத் செயின்ட் டெனிஸ் என்று இன்னொரு அமெரிக்க நடனக்காரி. 1904-ல் ஒரு எகிப்திய சிகரெட் விளம்பரத்தில் இருந்த தெய்வத்தைப் பார்த்து மயங்கி, 1906-ல் நியூயார்க்கில் 'ராதா' என்று ஆடினார். சிலையாக உட்கார்ந்திருக்கிற ராதை உயிர்பெற்று ஐம்புலன்களையும் ஆடி முடித்துத் திரும்பச் சிலையாகிறாள். கண்ணன் கிடையாது. சங்கீதம் ஒரு பிரெஞ்சு ஆப்பராவிலிருந்து. அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்தது இருபது வருஷம் கழித்து, 1926-ல்.

மாணவிகளில் ஒருத்தி கேட்டாள்: "அந்த ராதா வேஷத்த நான் போடலாமா சார்?" நம்மைப்போல வேஷம் போட்ட வெள்ளைக்காரியைப்போல நாம் வேஷம் போடுவது! யோசித்தால் தலை சுற்றுகிறது. போடு என்றேன். ஆனால் பரதநாட்டிய நகையை மாட்டிக்கொண்டு வராதே. அவர் கற்பனை செய்த இந்தியாவைப் போடு, தப்பும் தவறுமாக, பளபளவென்று. அப்போதுதான் அது அந்தக் காலம். அவரைக் கிண்டல் மட்டும் பண்ணி விட்டுவிடவும் எனக்கு மனசில்லை. அவருடைய கணவர் டெட் ஷான் பின்னால் ஜேக்கப்ஸ் பில்லோ என்ற நடன மையத்தை உண்டாக்கினார். 1962-ல் அந்த மேடையில் நம் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடினார். ராதா வேஷம் தொடங்கிய வழி எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. கையில் எடுத்துத் தின்கிற மாதிரி இருந்தால் போதும். பாட்டுக்கு ஷோபான் என்கிற பியானோ இசையமைப்பாளர். இசடோரா அவர் இசைக்கு நிறைய ஆடியிருக்கிறார். ஸ்பீக்கர் வேண்டாம், யாராவது பியானோவோ கீபோர்டோ வாசிக்கட்டும். இசடோரா மேடையில் பின்னால் தொங்கவிட்டது வெறும் நீலத் திரை. நீங்களும் சித்திரம் எதையும் ஒட்டாதீர்கள். நாற்காலியைக் குறையுங்கள். நாற்காலி இருந்தால் ஜனங்கள் உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் ஆடுவது யார்?

நாளைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாலை அளக்கப் போகிறோம். டேப் என்னிடம் இருக்கிறது. ஃபேன்களைக் கழற்றி வைக்க உயரமான ஏணி ஒன்று வேண்டும். யாரிடமாவது இருந்தால் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.